மலையை மழித்தால் தீ நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் தீவிபத்துகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இணையத்தில் படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதன் கடைசி மூன்று பத்திகளில் சொன்னதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மலைகளில் மண்டிக்கிடக்கும் உபயோகமற்ற புதரை அரசு வெட்டாமல் விட்டதே அழிவுக்குக் காரணம், பத்து வருடத்துக்கு ஒருமுறை அரசே கொளுத்திவிட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, சூழல் ஆர்வலர்கள்தான் குறுக்கே நின்றார்கள் என்று அதில் இருந்தது. இங்கே தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் உங்கள் கட்டுரையாளரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

நான் சான் டியேகோ நகரின் வடக்கில், ராஞ்சோ பெர்னார்டோ பகுதியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரரின் வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டோம். எங்கள் பின்வாசல் வேலிக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு. அதில் இருப்பது நீங்கள் எழுதிய அதே புதர்தான். சாப்பரல் என்பார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, பக்கத்து இயற்கைக் காப்பிடம் ஒன்றில் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய்ச் செடி காட்டும் தொண்டு வேலையைச் செய்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். நான் விஞ்ஞானி இல்லை.

முதலில், உபயோகமற்றதா என்பது.

இந்தப் பக்கம் மழை குளிர்காலத்தில் மட்டும்தான். வருடத்துக்கு 25, 30 சென்டிமீட்டர் பெய்தால் நல்ல வருடம். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த நிலத்தில் உயரமான மரம் நிற்காது. ஆள் உயரத்துக்கோ கொஞ்சம் கூடவோ வளர்ந்து, தடித்த சிறிய இலைகளோடு, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிகள்தான் தாக்குப்பிடிக்கும். சமீஸ் என்று ஒன்று, ஊசி போன்ற இலை, கோடையில் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். மான்சனீட்டாவின் தண்டு செக்கச்சிவப்பாக, தொட்டால் வழவழவென்று இருக்கும். டிசம்பர், ஜனவரியிலேயே குட்டிக் குட்டி வெள்ளைப் பூக்கள் தொங்கும், தேன்சிட்டுகள் அதைத்தான் சுற்றிவரும். குட்டை ஓக் உண்டு. டோயோன் உண்டு, குளிர்காலத்தில் அதன் சிவப்புப் பழங்களுக்குப் பறவைகள் சண்டை போடும். பிப்ரவரி கடைசியில் சியனோதஸ் பூத்தால் மலைச்சரிவே நீலமாகிவிடும். மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் செடி அது. காரில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எல்லாம் ஒரே சாம்பல் பச்சையாகத்தான் தெரியும். எனக்கும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் தெரிந்தது.

உள்ளே ரென்டிட் என்ற ஒரு சிறு பறவை உண்டு. கண்ணில் அகப்படாது, குரல் மட்டும் கேட்கும். ஒரு பந்தைத் தரையில் போட்டால் எப்படி மெதுவாக ஆரம்பித்து வேகவேகமாகத் துள்ளி அடங்கும், அப்படி ஒரு குரல். கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அதைத்தான் தேடுவார்கள். குச்சிகளைப் பொறுக்கி இடுப்பளவு குவித்து அதற்குள் குடும்பம் நடத்தும் ஒருவகைக் காட்டெலி உண்டு. கடற்கரைப் பக்கத்துச் சேஜ் என்ற வாசனைச் செடிப் புதரில் பெரும்பாலும் வாழும் கலிஃபோர்னியா நேட்கேச்சர் என்ற குருவியை 1993இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அரசு அறிவித்தது. அதற்காக அது கூடுகட்டும் மாதங்களில் செடி வெட்டக் கட்டுப்பாடு வந்தது. ஆர்வலர்கள் குறுக்கே நின்றார்கள் என்று கட்டுரை சொல்வது இந்த மாதிரி விதிகளைத்தான் என்று நினைக்கிறேன். வருடத்தில் சில மாதங்கள் வெட்டாதே என்பதுதான் விதி. மிச்ச மாதங்களில் வெட்டலாம்.

கலிஃபோர்னியாவின் கொடியில் ஒரு கரடி இருக்கிறதே, அந்தக் கிரிஸ்லி கரடியும் ஒரு காலத்தில் இந்தப் புதர்மலைகளில் திரிந்ததுதான். 1920களில் மாநிலத்திலிருந்தே ஒழிந்துவிட்டது. கொடியில் மட்டும் மிச்சம்.

இனி தீ. கட்டுரை தடுமாறிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாப்பரல் தீயோடு வாழப் பழகிய செடித்தொகுதி என்பது உண்மை. எரிந்த பிறகு இரண்டு வழிகளில் மீளும். சமீஸ், குட்டை ஓக், டோயோன் போன்றவற்றுக்கு மண்மட்டத்தில் பெரிய முண்டு போல ஒரு கட்டை திரண்டிருக்கும். மேலே எல்லாம் கரியானாலும் சில வாரங்களில், மழைகூட வராமலே, அந்தக் கட்டையிலிருந்து தளிர் கிளம்பும். சியனோதஸில் பல வகைகளும், மான்சனீட்டாவில் சிலவும் அப்படி இல்லை. எரிந்தால் செடி செத்தது செத்ததுதான். ஆனால் வருடக்கணக்காக அவை உதிர்த்த விதை மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். தீயின் சூட்டில் ஓடு வெடித்தால்தான் சியனோதஸ் விதை முளைக்கும். வேறு சில விதைகளுக்குச் சூடு போதாது, புகையும் கரியும் பட வேண்டும். தீக்குப் பிந்தைய முதல் வசந்தத்தில் வரும் பூக்களைப் பார்த்தால்தான் நம்ப முடியும். தீப்பாப்பி என்று ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, ஊதா ஃபசீலியா, காய்ந்த பூக்கள் காற்றில் மெல்லச் சலசலக்கும் இன்னொன்று. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் மறைந்துவிடும். அவற்றின் விதைகள் அடுத்த தீ வரும்வரை மண்ணுக்குள்தான், அது அறுபது வருடமானாலும் சரி.

இதைப் படித்துவிட்டுத்தான் பலர் தீ நல்லது, அடிக்கடி வைக்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மேலே சொன்னதில் நேரம் என்று ஒரு கணக்கு இருப்பதை விட்டுவிடுகிறார்கள். விதையிலிருந்து வந்த சியனோதஸ் வளர்ந்து, பூத்து, மண்ணில் மறுபடி போதுமான விதை சேர்க்கப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். அதற்குள் இரண்டாவது தீ வந்தால் முளைத்த கன்றும் போச்சு, சேமிப்பில் விதையும் இல்லை. அந்த மலையில் அந்தச் செடி அவ்வளவுதான். கட்டையிலிருந்து துளிர்க்கும் சமீஸ்கூட அடுத்தடுத்து அடிபட்டால் சோர்ந்து சாகும். இயல்பாக இங்கே ஒரே இடம் மறுபடி எரிய 30 வருடத்திலிருந்து 150 வருடம்வரை ஆகும் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கட்டுரையாளர் பத்து வருடத்துக்கு ஒருமுறை கொளுத்தச் சொல்கிறார். அப்படிச் செய்தால் இரண்டு சுற்றில் சாப்பரலே இருக்காது. அதுதான் வேண்டும் என்றால் அதை நேரடியாகச் சொல்லிவிடலாம்.

இது ஏட்டுக்கணக்கு இல்லை. மெக்சிகோ எல்லையை ஒட்டி ஓட்டை மலை என்று ஒன்று இருக்கிறது (ஓட்டை உடைசல் இல்லை, ஊர்ப்பெயரே அப்படி). அங்கே டெகாடே சைப்ரஸ் என்ற சிறு மரம் வளர்கிறது. அதன் காய்கள் இறுக மூடியிருக்கும், தீயில்தான் திறந்து விதை விடும். ஆனால் மரத்தில் போதுமான காய் சேர 30, 40 வருடம் வேண்டும். அந்த மரத்தின் இலையை மட்டுமே தின்று வளரும் தார்ன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சி உலகத்தில் அந்த மலைப்பக்கம் மட்டும்தான் உண்டு. அந்த மலை 2003 அக்டோபரில் எரிந்தது. நான்கே வருடத்தில், 2007 அக்டோபரில், அதன் ஒரு பகுதி மறுபடி எரிந்தது. இரண்டு முறை எரிந்த இடத்தில் அந்த நான்கு வயதுக் கன்றுகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடிக்கடி லேசாக எரிந்தால் நல்லது என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்றால், வடக்கே சியரா நெவாடாவின் பைன் காடுகளிலிருந்து. அங்கே அது உண்மைதான். அங்கே பழங்காலத்தில் பத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை தரையோடு சிறு தீ ஓடி, சருகையும் கன்றுகளையும் தின்றுவிட்டுப் பெரிய மரங்களை விட்டுவிடும். நூறு வருடமாகத் தீயை அணைத்து அணைத்து, அடியில் விறகு சேர்ந்து, இப்போது எரிந்தால் உச்சிவரை எரிகிறது. அந்தக் காட்டுக்குத் திட்டமிட்டுத் தீ வைப்பது மருந்து. சாப்பரலில் தரைத்தீ என்று ஒன்று கிடையாது. என்றைக்கு எரிந்தாலும் முழுச் செடியும் எரியும். தீயை அணைத்ததால்தான் பெருந்தீ வருகிறது என்பதும் இங்கே பொருந்தாது. 1889 செப்டம்பரில் ஆரஞ்சு கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல) சான்டியாகோ பள்ளத்தாக்குத் தீ ஏறக்குறைய 3 லட்சம் ஏக்கரைச் சுட்டது என்று கணிக்கிறார்கள். அப்போது அணைக்க விமானமும் இல்லை, படையும் இல்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தில் பல வருடம் இந்தப் புதர்களை ஆராய்ந்த ஜான் கீலியும் அவரது குழுவும் பழைய தீப் பதிவுகளை எல்லாம் பார்த்து 1999இல் இதைத்தான் எழுதினார்கள்: கலிஃபோர்னியாவின் புதர்நிலங்களில் தீயணைப்பால் பெருந்தீ கூடிவிடவில்லை.

சரி, அப்படியானால் ஏன் இத்தனை தீ? கடற்கரையை ஒட்டிய இந்த மலைகளில் மின்னல் அபூர்வம். மாநிலத்தில் பற்றும் தீயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மனிதர்கள் மூட்டுவதுதான். மின்கம்பி, கார் சைலன்சர், புல்வெட்டும் எந்திரம், சிகரெட், வேண்டுமென்றே வைப்பது. அதோடு சான்டா ஆனா காற்று. இலையுதிர்காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும் உள்நாட்டுப் பாலைப் பக்கமிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று அது. மலையிலிருந்து இறங்க இறங்கச் சூடேறி, ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அந்த நாட்களில் உதடு வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அன்றைக்கு ஒரு பொறி விழுந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மின்னல் வரும் கோடைக்கும் இந்தக் காற்று வரும் மாதங்களுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. இரண்டையும் சேர்த்துவைத்தது நாம்தான்.

2003இல் வந்த, சீடர் (Cedar) என்று பெயரிட்ட தீயை வழிதவறிய ஒரு வேட்டைக்காரர் உதவி கேட்டுக் கொளுத்தினார். 2 லட்சத்து 73 ஆயிரம் ஏக்கர், 15 உயிர்கள், 2,200க்கு மேற்பட்ட வீடுகள். 2007 அக்டோபரில் விட்ச் தீ வந்தபோது கவுண்டி முழுக்க 5 லட்சம் பேரை வெளியேறச் சொன்னார்கள். நாங்களும் அதில் அடக்கம். அதிகாலையில் தானியங்கித் தொலைபேசி அழைப்பு வந்தது. பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாமியார் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு, ஒரு பை அரிசி. அரிசியை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

எங்கள் வீடு தப்பியது. அதற்கு முந்தைய தெருக்களில் பல வீடுகள் தப்பவில்லை. தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்போது எங்கள் பகுதியில் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஆராய்ந்தார்கள். தீ எல்லைக்குள் 245 வீடுகள், அதில் 74 தரைமட்டம். அந்த 74இல் மூன்றில் இரண்டு பங்கு நேரடித் தீச்சுவாலையால் எரியவில்லை. காற்றில் பறந்து வந்த தணலால் எரிந்தவை. தீ முன்வரிசை வந்து சேர்வதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே தணல் விழ ஆரம்பித்துவிட்டது. கூரை ஓட்டு இடுக்கில், பரணின் காற்றுத்துளையில், சுவரை ஒட்டிப் போட்ட மரத்தூளில், வீட்டோடு ஒட்டிய மரவேலியில் புகுந்து, உள்ளிருந்து எரிந்தது. அந்தத் தீ எட்டு, பத்து தடமுள்ள 15ஆம் எண் நெடுஞ்சாலையையே தாண்டியது. செடி ஒன்றுகூட இல்லாத தார் ரோட்டைத் தாண்டிய தீ, மலையை மழித்தால் நின்றுவிடுமா என்று யோசியுங்கள்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீசில் நடந்ததும் அதுவே, இன்னும் பெரிதாக. அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலங்களில் நல்ல மழை, புல்லெல்லாம் செழித்தது. அப்புறம் 2024 மே மாதத்திலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை நகரின் மையத்தில் பெய்தது மொத்தமே 4 மில்லிமீட்டர். ஜனவரி 7ஆம் தேதி காற்று கிளம்பியது. பாலிசேட்ஸ், ஈட்டன் என்று இரண்டு தீ, 30 பேருக்கு மேல் பலி, 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள். உங்கள் கட்டுரையோடு வெளியிட்ட ஆல்டடீனா படத்தையே இன்னொருமுறை பாருங்கள். வீடுகள் சாம்பல், பக்கத்தில் மரங்களில் பச்சை இலை. அந்தத் தெருக்களில் எரிந்தது புதர் இல்லை. ஒரு வீட்டுத் தணல் அடுத்த வீட்டைப் பற்றவைத்தது.

மழித்துப் பார்த்த அனுபவமும் எங்களுக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன், காப்பீட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க மறுத்தபோது, எங்கள் குடியிருப்புச் சங்கம் பயந்துபோய் ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தியது. விதியின்படி வீட்டிலிருந்து 30 மீட்டருக்குள் செடிகளை மெலிதாக்க வேண்டும், அதாவது காய்ந்ததை அகற்றி, நெருக்கத்தைக் குறைக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. நானே செய்கிறேன். ஆனால் அவர்கள் பள்ளத்தாக்கின் அடிவரை எந்திரம் விட்டுச் செம்மண் தெரிய வழித்துவிட்டார்கள். கூட்டத்தில் நான் எழுந்து சொன்னபோது, செடிமேல் பாசம் வைக்கிற இந்திய அம்மா என்று சிரித்துக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்கு அங்கே வந்தது சமீஸ் இல்லை, மான்சனீட்டாவும் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த காட்டு ஓட்ஸ் புல்லும் கருங்கடுகும்தான். ஆமாம், கடுகுதான். நாம் தாளிக்கிற கடுகின் நெருங்கிய சொந்தம், இங்கே தலைக்கு மேல் வளர்கிறது. மார்ச்சில் மலை முழுக்க மஞ்சளாகி, பெண்கள் பாவாடை விரித்துப் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். ஜூனில் குச்சியாகக் காய்ந்துவிடும். முன்பு அந்தச் சரிவில் இருந்த செடிகள் அக்டோபரிலும் ஈரம் வைத்திருந்தன. இப்போது இருப்பது ஜூனிலிருந்து தீப்பிடிக்கத் தயார். புல் சீக்கிரம் பற்றும், தீ அதில் வேகமாக ஓடும், எரிந்தால் அடுத்த வருடமே மறுபடி முளைக்கும். இப்படி ஒருமுறை புல்லாக மாறிய மலை திரும்பப் புதராவது மிகக் கடினம். தெற்குக் கலிஃபோர்னியாவில் சாலையோரங்களில் நீங்கள் பார்க்கும் காய்ந்த பழுப்பு மலைகளில் பலவும் இப்படி மாறியவைதான். சீமைக்கருவேலம் பரவிய கதை தெரிந்த நம்மவர்களுக்கு இது புரியும். இரண்டாவது வருட மழையில் எங்கள் சரிவின் ஒரு பகுதி சரிந்து கீழ்த்தெருவில் ஒருவர் வீட்டு நீச்சல் குளத்துக்குள் வந்தது. இப்போது சங்கம் அதற்கு ஒரு பொறியாளரை அமர்த்தியிருக்கிறது.

சமீஸின் வேர் பல மீட்டர் ஆழம் போகும். இந்த மலைகள் செங்குத்தானவை, மண் இறுக்கமில்லாதது. புதர் இல்லாவிட்டால் அவை நிற்காது. 2017 டிசம்பரில் தாமஸ் தீ 2 லட்சத்து 81 ஆயிரம் ஏக்கரை எரித்தபோது நேரடியாகப் பலியானவர்கள் இருவர். ஜனவரி 9ஆம் தேதி, எரிந்த மலைக்குக் கீழே இருந்த மான்டெசிட்டோவில் 5 நிமிடத்தில் 13 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சேறும் பாறையும் இறங்கி 23 பேரைக் கொன்றது. புதரை உபயோகமற்றது என்று எழுதும்போது இந்த 23 பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நூற்றாண்டுக்கு முந்தைய விவசாயிகளுக்கு இது தெரிந்திருந்தது. 1892இல் லாஸ் ஏஞ்சலீசுக்கு வடக்கே சான் கேப்ரியல் மலைகளைக் கலிஃபோர்னியாவின் முதல் காப்புக்காடாக அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி புதர், அறுத்து விற்க மரம் பெரிதாகக் கிடையாது. கீழே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தவர்களுக்கு மலையிலிருந்து தண்ணீர் சீராக வர வேண்டும், வெள்ளமாக வரக் கூடாது. அதற்காகத்தான் கேட்டு வாங்கினார்கள்.

பூர்வகுடிகளான குமியாய் மக்கள் இந்த நிலத்தில் அளவாகத் தீ வைத்தவர்கள்தான் என்று சிலர் வாதிடுவார்கள். வைத்தார்கள். குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட பருவத்தில், விதைக்கும் கூடை பின்னும் குச்சிக்கும் வேட்டைக்குமாக. ஓக் கொட்டையும் சேஜ் விதையும் அவர்களுக்கு உணவு. அன்று தேச நெடுஞ்சாலையும் மின்கம்பியும் ஐரோப்பியப் புல்லும் இல்லை. அவர்களிடம் கேட்டுச் செய்யலாம், அது வேறு. அவர்கள் பெயரைச் சொல்லி ஹெலிகாப்டரிலிருந்து ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கொளுத்துவது வேறு. (அவர்கள் புனிதமாக வைத்திருக்கும் வெள்ளைச் சேஜை மூட்டை மூட்டையாகத் திருடி, வீட்டில் புகை போடும் கட்டு என்று இணையக் கடைகளில் விற்கிறார்கள். நம்மவர்கள் சிலரும் சாம்பிராணிக்குப் பதிலாக அதை வாங்குகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படிக் கோடை வறண்டு குளிர்காலம் நனையும் நிலம் உலகில் ஐந்தே இடங்களில் உண்டு: இங்கே, மத்தியதரைக் கடலோரம், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, சிலியின் நடுப்பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். மொத்தம் சேர்த்தாலும் உலக நிலப்பரப்பில் சொற்பம், ஆனால் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஐந்து இடங்களில்தான். கேப்பின் ஃபின்பாஸ் புதருக்குப் பத்திலிருந்து முப்பது வருடத்துக்குள் ஒரு தீ வேண்டும், இல்லாவிட்டால் அது கிழடாகிவிடும். சிலியில் ஆண்டிஸ் மலை மறைப்பதால் மின்னல் தீ பெரிதாகக் கிடையாது, அங்குள்ள செடிகள் தீக்குப் பழகாதவை. ஒன்றுக்குச் சொன்ன மருந்து மற்றதற்கு ஆகாது. புதர் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பதில்தான் சிக்கலே வருகிறது.

அந்த நினைப்பு நம் ஊரிலும் உண்டு என்பதால்தான் தமிழ்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். நான் பிறந்தது வல்லநாட்டுக்குப் பக்கம். அங்குள்ள குன்றில் முள்ளும் புதரும்தான், அதில்தான் வெளிமான்கள் இருக்கின்றன, சரணாலயமே அவற்றுக்காக. நம் ஊர் முள்காடு கலிஃபோர்னியப் புதர் போலத் தீயோடு வளர்ந்தது இல்லை, ஒன்றை வைத்து மற்றதை அளக்கக் கூடாது. ஆனால் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் புதர் நிலம் என்பது தரிசில் ஒரு வகை. தரிசு என்று எழுதிவிட்டால் அடுத்து சூரியத் தகடு போடலாம், மரம் நடும் விழா நடத்தலாம், மனை போடலாம். சிறு வயதில் எங்கள் ஆச்சி அந்தப் பொத்தையில்தான் சூரைப்பழம் பறித்துத் தருவாள். அது தரிசு என்று அவளிடம் சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பாளோ.

தீயிலிருந்து தப்ப என்ன செய்வது என்று உங்கள் வாசகர்களில் இங்கே இருப்பவர்கள் கேட்பார்கள். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பரண் துளைகளுக்குத் தணல் புகாத நெருக்கமான கம்பிவலை. ஓட்டுக் கூரையின் விளிம்பில் குருவி கூடு கட்டும் ஓட்டைகளுக்கு அடைப்பு. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர்வரை சரளைக்கல், அங்கே மல்லிகைத் தொட்டிகூடக் கிடையாது, அதில்தான் எனக்கு வருத்தம். வீட்டைத் தொடும் மரவேலியில் கடைசி இரண்டு மீட்டரை இரும்பாக மாற்றினோம். அக்டோபருக்கு முன் கூரைக் கால்வாயில் சருகு வழிப்பது என் வீட்டுக்காரர் வேலை. எல்லாம் சேர்த்து, மலையை வழிக்கச் சங்கம் ஒவ்வொரு வீட்டிலும் வசூலித்த தொகையைவிடக் கொஞ்சம்தான் கூட ஆனது. அதற்கப்பால் 30 மீட்டருக்குள் காய்ந்த கிளைகளை வெட்டுகிறேன். அதையும் தாண்டிய புதரைத் தொடுவதில்லை.

மாநில அரசு புது வீடுகளுக்கு 2008இலிருந்தே இந்த மாதிரிக் கட்டட விதி வைத்திருக்கிறது. பழைய வீடுகளை மாற்றப் பணம் ஒதுக்குவதைவிட மலைக்கு எந்திரம் அனுப்புவது அரசியல்வாதிக்கு எளிது, படமும் நன்றாக வரும். மின்கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் செலவு அதிகம் என்கிறார்கள். எரிந்த வீட்டுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை. இன்னும் பள்ளத்தாக்கு விளிம்புகளில் புது மனைகளுக்கு அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த இடத்தில் கட்டுரையாளர் கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். பத்து வருடத்துக்கு ஒருமுறை கொளுத்த வேண்டும் என்ற வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள், அது பைன் காட்டுக்குப் பொருந்தும், இந்த மலைகளுக்குப் பொருந்தாது. அடுத்து, கட்டுரையாளர் எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் மார்ச் தொடக்கத்தில் வரச் சொல்லுங்கள். சியனோதஸ் பூத்திருக்கும், சங்கம் வழித்த சரிவையும் வழிக்காத சரிவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். கணுக்கால் மறைக்கும் ஷூ போட்டு வரட்டும், அந்த மாதத்தில்தான் கிலுகிலுப்பைப் பாம்புகள் வெயில் காய வெளியே வர ஆரம்பிக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ராஞ்சோ பெர்னார்டோ, சான் டியேகோ